ஓட்டியவர் பெயர்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மணிக்கு நூற்றிமூன்று கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டிய குற்றத்துக்காக, ஆவடியில் ஒரு சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

கார் என் பெயரில் இருக்கிறது. அது ராசிக்காக. எட்டு வருடத்துக்கு முன்னால் என் கணவர் இளங்கோ அந்த வெள்ளைக் காருக்கு முன்பணம் கட்டிய அன்று, அவருடைய அம்மா கன்னியம்மாள் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். இளங்கோவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, அவர் பெயரில் இரும்பு வாங்கக் கூடாது, பெண்டாட்டி பெயரில் வாங்கினால் கெடுதல் அவரை அண்டாது என்று ஜோசியர் சொன்னாராம். அப்படியானால் அந்தக் கெடுதல் யாரை அண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. என் ஜாதகம் பீரோவில்தான் இருந்தது, அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

கார் என் பெயரில் வந்ததால் லைசென்ஸும் இருக்கட்டும் என்றார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் இரண்டு நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எங்கள் முகப்பேரைச் சுற்றிக் காட்டினார். மூன்றாம் நாள் மைதானத்தில் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், பெடல் எல்லாம் அவர் காலில் இருந்தது. லைசென்ஸ் தபாலில் வந்தது. என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன், அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை.

இதில் உண்மையாகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் அப்பா. கங்காதரன் என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் லேத் மெஷினில் நின்றவர், அம்மா போன பிறகு திருமுல்லைவாயலில் தனியாக இருந்தார். திருவேற்காட்டில் காருக்குப் பூஜை போட்ட அன்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான். பூக்காரம்மாவிலிருந்து செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் வரைக்கும் கூப்பிட்டு, "எம் பொண்ணு காரு" என்று சொன்னார். மாப்பிள்ளை காரு என்று ஒரு நாளும் அவர் வாயில் வந்ததில்லை. அந்தக் காரில் அவர் மொத்தம் மூன்று தடவை ஏறியிருப்பார்.

அந்தச் சமுதாயக் கூடத்து வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். பைபாஸில் கேமரா பிடித்திருக்கிறது. காரின் பதிவில் பெயர் என்னுடையது, போன் நம்பர் இளங்கோவுடையது, அதனால் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு விட்டுவிடலாம் என்று பார்த்திருக்கிறார். ஆனால் வேகம் ரொம்ப அதிகம், ஓட்டியவர் நேரில் வந்து வகுப்பில் உட்கார்ந்து உறுதிமொழி எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் முடக்கம் என்று ஐந்து மாதம் கழித்து ஓலை வந்துவிட்டது.

இளங்கோவின் லைசென்ஸ் இதற்கு முன்பே ஒரு தடவை மூன்று மாதம் முடங்கியது. அவர் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஏரியா மேனேஜர். நாளெல்லாம் கடை கடையாகக் காரில் சுற்றுகிற வேலை. லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை என்று மேலதிகாரி போன தடவையே சொல்லிவிட்டாராம். ஆகவே ஒரு வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கவரை வைத்தார்.

"சனிக்கிழம ஒம்பதரைக்கு. ரெண்டு மணி நேரம் குந்திகினு வா. ஃபாரம் குடுப்பாங்க, கையெழுத்துப் போடு. அவ்ளோதான்."

நான் ஓட்டவில்லையே என்றேன். என் லைசென்ஸ் பீரோவில் சும்மாதானே தூங்குகிறது, அதற்கு ஒன்று ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார். மாமியார் சோற்றைப் பிசைந்தபடி, புருஷனுக்கு இதுகூடச் செய்யாத பொம்பளையும் உண்டா என்று சாம்பார்க் கிண்ணத்தைப் பார்த்துக் கேட்டார். எங்கள் மகள் வர்ஷா பன்னிரண்டாவது படிக்கிறாள், இந்த நேரத்தில் வேலை போனால் என்ன ஆகும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எந்த நாள் நடந்தது என்று கேட்டேன். எப்பவோ பைபாஸ்ல, யாருக்கு ஞாபகம் என்றார் இளங்கோ. நான் கவரைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் என் பெயரில் வருகிற கவரை நான் பிரிக்கிற வழக்கம் இல்லை.

சனிக்கிழமை என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நல்ல முகூர்த்த நாள். வழியெல்லாம் வாழை மரம் கட்டிய மண்டபங்கள், ஆட்டோ நிறையப் பட்டுப்புடவைகள். மரத்தடியில் காத்திருக்கிறேன், சீக்கிரம் முடித்துக்கொண்டு வா என்றார். ஏதோ நான் கறிவேப்பிலை வாங்கப் போகிற மாதிரி.

கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். பெண்கள் என்று பார்த்தால் மூன்று பேர். வகுப்பு எடுத்தவர் தங்கராஜ் என்கிற இன்ஸ்பெக்டர். ரிட்டயர்மென்ட்டை நெருங்கிய வயது, தொண்டை கட்டியிருந்தது, கையில் சுக்குக் காபி டம்ளர். அதட்டுவார் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் ஒரு விஷயம் சொன்னார். அடுத்தவருக்குப் பதிலாக வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், யார் என்று கேட்க மாட்டேன், ஓட்டினவரை அடுத்த வாரம் அனுப்பினால் போதும் என்றார். நாற்பது பேரும் தரையைப் பார்த்தோம். தரையில் நேற்று நடந்த ஏதோ விசேஷத்தின் அட்சதை கிடந்தது.

என் பக்கத்தில் முகமது ஆசிக் என்று ஒருவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். "நான் நெஜமாவே ஓட்னவன்மா," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரையும் ஏன் வேகமாகப் போனாய் என்று கேட்டார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றார் ஒருவர். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான் என்றார் இன்னொருவர். கல்யாணத்துக்கு வாங்கிய பிரியாணி ஆறிவிடும் என்று ஒருவர் சொன்னபோது கூடமே சிரித்தது. என் முறை வந்தபோது தெரியவில்லை சார் என்றேன். அதுதான் உண்மை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிறகு பலகையில் ஒரு கணக்குப் போட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து மதுரவாயல் வரைக்கும் பைபாஸில் ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் போனால் ஆறு நிமிடம். நூறில் போனால் மூன்றரை. மிச்சம் இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.  ஒரு டீ கூட ஆற்றிக் குடிக்க முடியாதே அய்யா அதுக்குள்ள என்று அவரே சொன்னார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் ஃபாரம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கேமரா பிடித்த படத்தை அச்செடுத்துப் பின் அடித்திருந்தார்கள்.

படத்தில் எங்கள் கார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் இளங்கோவின் சொட்டையும் சட்டையும் எனக்குத் தெரியாதா. முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் என் மாமியார். கடுகு நிறத்தில் சிவப்புப் பார்டர் போட்ட பட்டு, முந்தின வருடத் தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. தலை நிறையப் பூ. இரண்டு பேரும் இப்படி அலங்காரமாக எங்கே போனார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கப்புறம்தான் தேதியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் இருபது, புதன்கிழமை. நேரம், பதினொன்று முப்பத்தொன்று. இடம், பைபாஸ், அம்பத்தூரிலிருந்து மதுரவாயல் போகும் பக்கம். வேகம், நூற்றிமூன்று.

அந்தத் தேதி எனக்கு மறக்காது. இறப்புச் சான்றிதழுக்காக அந்தத் தேதியை எத்தனை ஃபாரத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். அது என் அப்பா செத்த தேதி.

அன்றைக்கும் முகூர்த்த நாள்தான். காலை எட்டு மணிக்கு இளங்கோ காரை சர்வீஸுக்கு விடப் போகிறேன் என்று கிளம்பினார். பத்து மணிக்கு மாமியார் திருவேற்காடு கோயிலுக்கு என்று பட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பதினொன்று இருபதுக்கு அப்பா போன் பண்ணினார். நெஞ்சை என்னவோ பிசைகிறது, இடது கை மரத்துப்போகிறது என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"வாயுதாம்மா. ஆம்புலன்ஸ்லாம் வாணாம், தெருவே வந்து எழவுன்னு நின்னுக்கும். உன் காருதான் கீதே, அத்த எட்துகினு வா."

உடனே இளங்கோவுக்குப் போன் போட்டேன். அவர் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கிருந்து அப்பா வீட்டுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. கார் சர்வீஸ் சென்டரில் நிற்கிறது, நான் மீட்டிங்கில் இருக்கிறேன், ஒரு ஆட்டோ பிடித்துப் போயேன் என்றார். அப்பாவுக்கு வாயுதான், சோடா வாங்கிக் கொடு என்றும் சொன்னார். போனில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. மீட்டிங்கில் ஃபேன் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முகப்பேரில் ஆட்டோவுக்காக ரோட்டில் நின்றேன். கை காட்டியது ஒன்றும் நிற்கவில்லை. எல்லாவற்றிலும் பட்டும் மாலையும் தட்டுவரிசையும். செல்லில் பதிவு செய்த டாக்ஸி இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மனசு இரங்கி நிறுத்தினார். வழியில் அம்பத்தூர் ஓ.டி.யில் கல்யாண ஊர்வலம். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். அப்பா வேட்டி சட்டை மாற்றி, தலை வாரி, வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கார் வருகிறது என்று எதிர் வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். ஆட்டோவைப் பார்த்ததும், "காரு இன்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். சர்வீஸுக்கு விட்டிருக்கிறது என்றேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே என் தோளில் அவர் தலை கனத்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான் அது என்று என்னை நானே ஐந்து மாதமாகச் சமாதானம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மாமியார் ஒரு விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். பாரிவாக்கத்தில் ஒரு மனை வாங்கியிருக்கிறார்கள், அவர் பெயரில். ஆவணியில் ஒரு நல்ல நாளில் பூந்தமல்லியில் பத்திரம் பதிவாகிவிட்டது. துக்க வீட்டில் சொல்லக் கூடாதென்று சொல்லவில்லையாம். அம்மா பேரில் இருந்தால் என்ன, எல்லாம் நமக்குத்தானே என்றார் இளங்கோ.  சனி பிடித்த இரும்பு என் பெயரில், மண் மட்டும் அவர் அம்மா பெயரில். ஆனால் அப்பாவே போய்விட்டார், மனையாவது மண்ணாங்கட்டியாவது என்று விட்டுவிட்டேன். எந்த நல்ல நாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஃபாரம் சொன்னது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பத்திரத்தில் கையெழுத்து விழ வேண்டும். எனக்குத் தெரிந்தால் யார் பெயரில் என்று கேட்பேன், அதனால்தான் கார் சர்வீஸில் என்கிற பொய். நான் போன் செய்தபோது அவர் அம்மாவை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். திருமுல்லைவாயல் ஒரு பக்கம், பூந்தமல்லி ஒரு பக்கம். என் போனை வைத்துவிட்டு, என் காரில், என் அப்பா இருக்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நூற்றிமூன்றில் போயிருக்கிறார். இரண்டரை நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஃபாரத்தில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஓட்டியவர் பெயர். வேகத்துக்கான காரணம்.

பேனாவைத் திறந்தேன். ஓட்டியவர் என்கிற இடத்தில் என் பெயரை, சுரேகா என்று எழுதினேன். அதுவரை பேசி வைத்ததுதான். காரணம் என்கிற இடத்துக்கு வந்தபோது என் கை தானாக எழுதியது: "அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக."

 அந்த ஒரு வரியில் நான் கார் ஓட்டிவிட்டேன். எஸ்டேட்டிலிருந்து காரைத் திருப்பி, ஓ.டி. வழியாக, ஊர்வலத்துக்கு முன்பே, அப்பா வீட்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டேன். எதிர் வீட்டுக்காரர்கள் பார்க்க அப்பா முன்சீட்டில் ஏறுகிறார், எம் பொண்ணு காரு என்கிறார். இந்தப் பொய் மட்டும் உண்மையாக இருந்திருந்தால் நூற்றிமூன்று என்ன, அதற்கு மேலும் போய் ஜெயிலில்கூட இருந்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஃபாரத்தை வாங்கிப் படித்தார். சிலரைத் திட்டினார், சிலரிடம் மறுபடி எழுதச் சொன்னார். என்னுடையதைப் படித்ததும் நிமிர்ந்தார்.

"முன்ன கேட்டப்ப தெரியலன்னு சொன்ன. எல்லார் எதிர்லயும் சொல்ல மனசு வரலியாம்மா? அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

இறந்துவிட்டார் சார் என்றேன். அன்றைக்கேவா என்றார். அன்றைக்கேதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். படத்தை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பக்கத்திலிருந்த ஏட்டைக் கூப்பிட்டு, இந்த அம்மா ஃபாரத்தைத் தனியாக எடுத்து வை, கேஸை விட்டுவிடச் சொல்லி நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறேன் என்றார். அப்பன் உயிருக்காக ஓடின வண்டியைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"மன்னிச்சுக்கம்மா. உன்ன இங்க கொண்டாந்து உக்கார வச்சிட்டோம்."

என் அப்பா சாவுக்காக ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முகமது ஆசிக் எழுந்து வந்து, அப்பாவுக்காக துவா செய்கிறேன் தங்கச்சி என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏட்டு ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தார். எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் ஒருத்தி எப்படித்தான் பொய் சொல்வது.

தண்ணீர் குடித்தபோது புத்தி வந்தது. கேஸ் இல்லை. அபராதம் இல்லை, முடக்கம் இல்லை. இளங்கோ மரத்தடியில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை வழக்கம்போல் கடை கடையாகச் சுற்றப் போவார். அவரைக் காப்பாற்றியது யார்? என் அப்பா. எந்தச் சாவைத் தடுக்க அவர் வரவில்லையோ அந்தச் சாவே அவரைத் தூக்கிவிட்டுவிட்டது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் காரில் மூன்று தடவை ஏறியவரை, செத்த பிறகு அதே காருக்குச் சாக்காக ஏற்றிவிட்டேன். ஏற்றியது இளங்கோ இல்லை, நான். 

அந்த ஃபாரத்தைத் திருப்பித் தாருங்கள் சார் என்றேன். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டபடி கொடுத்தார். சுரேகா என்பதை அடித்தேன். என் கணவர் இளங்கோ என்று எழுதினேன். காரணத்தையும் அடித்துவிட்டு, "ராகுகாலத்துக்கு முன் பத்திரம் பதிய" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்தார். இப்போதுதான் படத்தையும் பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷனை ஐந்து நிமிடம் ஏமாற்றியிருக்கிறேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நன்றாக யோசித்துக் கொடுக்கிறாயா அம்மா, உன் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே ஒரு தடவை ஆகியிருந்தால் இது பெரிதாகப் போய்விடும் என்றார். தெரியும் என்றேன். அப்படியானால் அப்பா இறந்ததாகச் சொன்னது என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"செத்தது நெஜம் சார். அதே நாள், நெஞ்சு வலி வந்தது அதே நேரம். ஆனா இது அவருக்காக ஓடின வண்டி இல்ல."

அவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். நோட்டீஸின் பிரதியைப் படத்தோடு என்னிடம் கொடுத்து, உனக்கு இங்கே வேலை இல்லை அம்மா, நீ போகலாம் என்றார். மற்றவர்களுக்கு வகுப்பு முடித்த சான்றிதழ் உண்டு. எனக்கு இல்லை.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இளங்கோ கார்க் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே போட்டு, செல்லில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முடிந்ததா, பேப்பர் கொடுத்தார்களா என்று கை நீட்டினார். நோட்டீஸைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா இந்தப் படத்துல நல்லா வந்துகிறாங்க."

தேதியைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். ஆகஸ்ட் இருபது என்று வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, அதற்கென்ன என்பது போல் என்னைப் பார்த்தார்.  சொல்லாமல் நின்றால் தானாக வருகிறதா பார்ப்போம் என்று நின்றேன். எதிரே மண்டபத்திலிருந்து ஒரு முழுக் கெட்டிமேளம் அடித்து ஓய்ந்தது. அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் மெல்ல ஏதோ வந்தது.

"அது அன்னிக்கா? சத்தியமா எனக்குத் தோணவே இல்ல சுரேகா."

நான் அவரை நம்புகிறேன். பத்தொன்பது வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அவர் பொய் எது நிஜம் எது என்று எனக்குத் தெரியும். அது நிஜம். அந்தக் கவரை என் கையில் கொடுத்தபோது அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட, மறைக்கிற அளவுக்காவது என் அப்பா சாவு அவர் மனசில் கனத்திருக்கிறது என்று நான் ஆறுதல் பட்டிருப்பேன். அவருக்கு அது மாமனார் செத்த நாள் ஒன்று, மனை பதிந்த நாள் ஒன்று. இரண்டும் ஒரே நாள் என்று ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அவருக்குப் படவில்லை.

ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்.

"ஃபாரத்துல இன்னா எய்தின?"

உங்கள் பெயரை என்றேன்.

அதற்கப்புறம் அவர் கத்தியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வேலை, வர்ஷா, ஏழரைச் சனி எல்லாம் வந்தது. சனி விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, ஆனாலும் வந்தது. உள்ளே போய் மாற்றி எழுதிவிட்டு வா என்றார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டு காருக்குள் குனிந்து, ஏசியை அணைத்து, சாவியை உருவினேன். வண்டி என் பேர்ல கீது என்றேன். அவர் பாஷையில் சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

எனக்கு அதை ஓட்டத் தெரியாது என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். மாற்றுச் சாவி முகப்பேர் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு திரும்பி வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் அந்தக் கார் மறுபடி அவர் கையில்தான் இருக்கும். நாளைக்கு வீட்டில் என்ன நடக்கும், அவர் வேலை என்ன ஆகும், வர்ஷாவிடம் என்ன சொல்வேன் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து அவர் தெரிந்தார். பூட்டாத காரை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினார். நிற்கவில்லை. அடுத்ததற்கும் காட்டினார். எல்லாவற்றிலும் பட்டும் மாலையும் தட்டுவரிசையும். செல்லை எடுத்துத் தட்டினார், காதில் வைத்தார், மறுபடி தட்டினார். சட்டை முதுகில் வேர்வை படர்ந்தது.

திருமுல்லைவாயல் வழியாகப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, போனது. அவர் இன்னும் கை காட்டிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.